டவுன் சென்டரா, கிரீன் பெல்ட்டா? இங்கிலாந்தின் லோக்கல் பிளான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லோக்கல் பிளான் என்பது ஊரில் எங்கே என்ன கட்டலாம் என்று கவுன்சில், அதாவது உள்ளாட்சி, வகுக்கும் திட்டம். இந்தப் பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனி விதிகள் உண்டு. தேசிய பிளானிங் கொள்கை ஆவணத்தின் பத்தி எண்கள் 2024 டிசம்பர் பதிப்பிலிருந்து எடுத்தவை. அந்த ஆவணம் அடிக்கடி மாறும். கடிதத்தில் எண் போடுமுன் அன்று நடப்பிலுள்ள பதிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கிரீன் பெல்ட் என்பது என்ன? பச்சையாகக் கிடக்கும் நிலமெல்லாம் அதில் சேருமா?

சேராது. கிரீன் பெல்ட் என்பது கவுன்சிலின் கொள்கை வரைபடத்தில் போட்ட ஒரு கோடு. அதற்குள் புதிதாகக் கட்ட எளிதில் அனுமதி கிடைக்காது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் லண்டனைச் சுற்றித் தொடங்கிவைத்தது, 1955இல் அரசு சுற்றறிக்கை நாடு முழுவதற்கும் விரித்தது. இன்று இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு இந்தக் கோட்டுக்குள் இருக்கிறது. அழகுக்கோ பறவைகளுக்கோ போட்ட கோடு அல்ல இது. பத்தி 143 சொல்லும் நோக்கங்கள் ஐந்து: பெருநகரம் வரம்பில்லாமல் பரவுவதைத் தடுப்பது, பக்கத்துப் பக்கத்து நகரங்கள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது, நாட்டுப்புறத்துக்குள் கட்டடம் நுழைவதைத் தடுப்பது, பழம்பெரும் நகரங்களின் சூழலைக் காப்பது, கைவிடப்பட்ட நகர நிலத்தை மீண்டும் பயன்படுத்தத் தூண்டுவது.

அந்த ஐந்தாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஊர் நடுவைச் சீரமைப்பதும் ஊரோர வயலைக் காப்பதும் இரு வேறு கட்சிகள் என்று பேசுகிறோம். கொள்கையின் பார்வையில், வயலைக் காக்கும் கோடு போட்டதற்கு ஊர் நடுவைச் சீரமைப்பதும் ஒரு காரணம்.

தெருமுனைப் பூங்கா கிரீன் பெல்ட்டில் இல்லாமல் இருக்கலாம். குதிரை கட்டும் சேற்று நிலமும் பழைய குவாரியும் அதற்குள் இருக்கலாம். லண்டனுக்குள் மெட்ரோபாலிட்டன் ஓப்பன் லேண்ட் என்று ஒரு வகை உண்டு. பெயர்தான் வேறு, பாதுகாப்பு கிரீன் பெல்ட்டுக்கு உள்ளதே.

நகர மையத்துக்கும் வெளியே இருக்கும் வயலுக்கும் என்ன சம்பந்தம்?

எண்ணிக்கைதான். கவுன்சில் ஆண்டுக்கு எத்தனை வீடு தர வேண்டும் என்பதற்கு அரசு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. இருக்கும் வீடுகளில் 0.8 சதவீதத்தை அடிப்படையாக எடுத்து, வீட்டு விலை உள்ளூர்ச் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்று பார்த்து ஏற்றுவார்கள். ஒரு லட்சம் வீடுள்ள ஊரில் அடிப்படை 800. விலை சம்பளத்தின் பத்து மடங்கு என்றால் பெருக்கும் எண் 1.95. ஆக ஆண்டுக்கு 1,560, பதினைந்து ஆண்டுக்கு 23,400.

இதில் ஊருக்குள் எத்தனை வீடு பிடிக்கும் என்று கவுன்சில் முதலில் கணக்கெடுக்கும். மீதி விழும் எண்தான் வயலைத் தேடிப் போகிறது. உதாரணமாக, ஸ்டேஷன் பக்கத்தில் 0.6 ஹெக்டேரில் ஒரு பழைய பல அடுக்குக் கார் பார்க் இருக்கிறது என்று வையுங்கள். ஹெக்டேருக்கு 120 வீடு என்றால் அங்கே 72 ஃபிளாட் வரும். அதே 72 வீட்டை ஊரோரத்தில் ஹெக்டேருக்கு 35 வீதம் கட்டினால் 2 ஹெக்டேருக்குச் சற்று மேல் கட்டுமனை வேண்டும். திறந்தவெளி, மழைநீர்க் குளம், மரவேலி எல்லாம் போக நிலத்தில் 60 சதவீதம்தான் கட்டுமனையாகத் தேறும் என்று எடுத்தால், 3.4 ஹெக்டேர் வயல் போகும். பட்டியலிலிருந்து அந்தக் கார் பார்க் விழுந்தால் இந்த வயல் ஏறும்.

ஒரு எச்சரிக்கை: இந்த 72ம் அந்த 72ம் ஒன்றல்ல. ஊர் நடுவே வருவது பெரும்பாலும் ஒரு படுக்கையறை, இரண்டு படுக்கையறை ஃபிளாட். மூன்று பிள்ளைகளும் பாட்டியும் இருக்கும் குடும்பத்துக்கு அது பதில் ஆகாது. பிளானைத் தனி இன்ஸ்பெக்டர் ஆராயும் விசாரணையில், வயலில் கட்ட நினைப்பவர் முதலில் கையிலெடுக்கும் வாதம் இதுதான். அதற்குப் பதில் இல்லாமல் "டவுன் சென்டரில் கட்டுங்கள்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது.

ஊருக்குள் இவ்வளவு காலி மனை கிடக்கிறதே, அதை விட்டு வயலுக்கு ஏன் போகிறார்கள்?

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாகத்தான் பார்ப்பவருக்குத் தோன்றும். பல ஊர்களில் அது உண்மையும்கூட. ஆனால் முன்பு கட்டடம் இருந்த நிலம், அதாவது பிரவுன்ஃபீல்டு, தடுக்கி விழும் இடங்களும் உண்மையானவை.

முதல் தடை உரிமை. கடைவீதியில் ஒரே கட்டடத்துக்கு ஃப்ரீஹோல்டு (நிலத்தின் முழு உரிமை) ஒருவரிடம், 99 ஆண்டுக் குத்தகை இன்னொருவரிடம், மேல்மாடி வேறொருவரிடம் இருக்கும். பின்பக்கம் வண்டி வரும் சந்து யாருடையது என்று தேடவே மாதங்கள் போகும். எல்லோரும் கையெழுத்துப் போடாவிட்டால் கவுன்சில் கட்டாயக் கொள்முதல் செய்யலாம். ஆனால் அதற்குப் பணமும் துணிவும் ஆண்டுகளும் வேண்டும்.

அடுத்தது மண். பெட்ரோல் பங்க், டிரை கிளீனர், பழைய கேஸ் ஆலை இருந்த இடங்களில் முதலில் ஆவண ஆய்வு, பிறகு துளை போட்டு மண்ணும் நிலத்தடி நீரும் எடுத்துச் சோதனை. சுத்தம் செய்யும் செலவு நில விலையையே விழுங்கிவிடலாம்.

மூன்றாவது உயரம். 2026 செப்டம்பர் 30 முதல் 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளுக்கு இரண்டாவது மாடிப்படி வேண்டும். அதனால் பல திட்டங்கள் ஆறாவது மாடியோடு நின்றுவிடும், அல்லது செலவைத் தாங்க ஒரேயடியாக மிக உயரப் போகும். எட்டு மாடி வரும் என்று நம்பி எழுதிய எண்ணிக்கை இங்கே உடையும்.

கடைசியாக லாபக் கணக்கு. திட்டம் வகுக்கும்போது கட்டுநருக்கு மொத்த விற்பனை மதிப்பில் 15 முதல் 20 சதவீதம் லாபம் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஃபிளாட் விலை குறைவான வடக்கு நகரங்களில் அந்தக் கணக்கு மைனஸில் முடியும். அங்கே பொதுப்பணம் வராமல் செங்கல் ஏறாது.

கவுன்சில் ஊருக்குள் உள்ள நிலத்தை உண்மையாகத் தேடிப் பார்த்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கவுன்சில் இணையதளத்தில் "எவிடென்ஸ் பேஸ்" என்ற பக்கத்துக்குப் போங்கள். அங்கே மூன்று ஆவணங்கள் வேண்டும்: பிரவுன்ஃபீல்டு பதிவேடு, வீட்டுநில இருப்பு மதிப்பீடு, கிரீன் பெல்ட் ஆய்வு. பதிவேட்டில் 0.25 ஹெக்டேருக்குக் குறையாத அல்லது ஐந்து வீடாவது பிடிக்கும் மனைகள் இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பித்திருக்க வேண்டும். தேதியைப் பாருங்கள். இரண்டு வருடம் பழையது என்றால் அதுவே ஒரு வாதம்.

பிறகு மதிப்பீட்டில் "நிராகரித்த மனைகள்" அட்டவணையைத் திறந்து, நிராகரித்த காரணம் எழுதிய கட்டத்தை மட்டும் வரிசையாகப் படியுங்கள். "உரிமையாளர் தொடர்பு கொள்ளவில்லை" என்று திரும்பத் திரும்ப வந்தால், கவுன்சில் தானாகத் தேடவில்லை, தங்கள் நிலத்தைச் சேர்க்கும்படி மனு கொடுத்தவர்களை மட்டும் எண்ணியிருக்கிறது என்று பொருள். கவுன்சிலுக்கே சொந்தமான கார் பார்க்குகள் பட்டியலில் இருக்கின்றனவா என்று தனியாகப் பாருங்கள். பார்க்கிங் வருமானம் பட்ஜெட்டில் இருப்பதால் அவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும் கவுன்சில்கள் உண்டு.

அடுத்து அடர்த்தி. கிரீன் பெல்ட் கோட்டை நகர்த்துமுன் பிரவுன்ஃபீல்டை முடிந்த அளவு பயன்படுத்த வேண்டும், நகர மையங்களிலும் போக்குவரத்து நல்ல இடங்களிலும் அடர்த்தியைக் கணிசமாக உயர்த்த முடியுமா என்று பார்த்திருக்க வேண்டும், பக்கத்துக் கவுன்சில்களோடு பேசியிருக்க வேண்டும். மூன்றும் பத்தி 147இல் இருக்கின்றன. ஸ்டேஷனுக்கு 400 மீட்டரில் உள்ள மனைக்கு ஹெக்டேருக்கு 40 வீடு என்று எழுதியிருந்தால், அந்த வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூடிக் கிடக்கும் கடைகளை வீடாக்கிவிட்டால் பிரச்சினை தீராதா?

கொஞ்சம் தீரும், கொஞ்சம் கூடும். கடை, ஆபீஸ், காபிக் கடை, ஜிம், கிளினிக் எல்லாம் 2020 செப்டம்பர் முதல் கிளாஸ் ஈ என்ற ஒரே வகுப்பு. 2021 ஆகஸ்டில் வந்த கிளாஸ் எம்ஏ உரிமைப்படி அவற்றை முழு பிளானிங் அனுமதி இல்லாமலே வீடாக்கலாம். கவுன்சிலின் முன்னொப்புதல் போதும், அதற்குக் கெடு 56 நாள். 1,500 சதுர மீட்டர் உச்சவரம்பும் மூன்று மாதம் காலியாக இருந்திருக்க வேண்டும் என்ற விதியும் 2024 மார்ச்சில் நீங்கிவிட்டன.

சிக்கல் கட்டடத்தின் வடிவத்தில் இருக்கிறது. பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் முப்பது நாற்பது மீட்டர் ஆழம். சன்னல் முன்னாலும் பின்னாலும் மட்டும். நடுவே படுக்கையறை போட்டால் வெளிச்சம் எங்கிருந்து வரும்? அறைகளுக்கு இயற்கை வெளிச்சம் வேண்டும், ஒருவர் வாழும் ஃபிளாட்டுக்கே குறைந்தது 37 சதுர மீட்டர் வேண்டும் என்பதெல்லாம் மோசமான அனுபவங்களுக்குப் பிறகு சேர்த்த விதிகள். இந்த வழியில் வரும் வீடுகளிலிருந்து மலிவு வீட்டுப் பங்கும், அதாவது சந்தை விலைக்குக் குறைவாகத் தரும் வீடுகளும், கிடைக்காது. வரிசைக்கு நடுவே இரண்டு கடை முகப்பு வீடாகித் திரை தொங்கினால் பக்கத்துக் கடைக்கும் ஆள் வருவது குறையும்.

அதைத் தடுக்கக் கவுன்சிலிடம் ஆர்ட்டிகிள் 4 உத்தரவு இருக்கிறது. குறிப்பிட்ட இடத்தில் இந்த உரிமையை அது நீக்கிவிடும். முக்கியக் கடைவரிசையின் தரைத்தளத்துக்கு மட்டும் என்று குறுக்கிக் கேட்டால் கிடைக்கும். மையம் முழுவதற்கும் கேட்டால் அமைச்சகம் வெட்டிக் குறைத்துவிடும். 2024 டிசம்பரில் இன்னொரு கருவியும் வந்தது: இரண்டு ஆண்டில் 365 நாள் காலியாக இருந்த கடையைக் கவுன்சிலே ஏலம் விட்டு, ஒன்று முதல் ஐந்து ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கலாம்.

ஊருக்கு வெளியே பெரிய சூப்பர் மார்க்கெட் வருவதாகச் சொல்கிறார்கள். அதை டவுன் சென்டர் கொள்கை தடுக்குமா?

வரிசைச் சோதனை ஒன்று உண்டு. முதலில் மையத்துக்குள் இடம் தேட வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பில், அதுவும் இல்லாவிட்டால்தான் வெளியே. சில்லறைக் கடைக்கு விளிம்பு என்றால் முதன்மைக் கடைப்பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள், நன்றாக நடந்துபோகும் இடம். ஆபீஸுக்குப் போக்குவரத்து நிலையத்திலிருந்து 500 மீட்டர் வரை ஒப்புக்கொள்வார்கள். உள்ளூர் வரம்பு எதுவும் இல்லாவிட்டால் 2,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைக்கு, மையத்தை எவ்வளவு பாதிக்கும் என்று காட்டும் தாக்க மதிப்பீடும் வேண்டும். அதனாலேயே 2,499 என்று விண்ணப்பம் வருவதைப் பார்க்கலாம். சின்ன ஊர் என்றால், லோக்கல் பிளானில் அந்த வரம்பைத் தாழ்த்தும்படி கேளுங்கள்.

கிரே பெல்ட் என்பது பழைய பெட்ரோல் பங்க் மாதிரியான இடங்கள் மட்டும்தானே?

அரசியல்வாதிகள் மேடையில் காட்டிய படம் அது. 2024 டிசம்பரில் எழுதிய வரையறை அதைவிடப் பெரியது. கிரீன் பெல்ட்டுக்குள் முன்பு கட்டடம் இருந்த நிலமாக இருக்கலாம், வேறு எந்த நிலமாகவும் இருக்கலாம். மேலே சொன்ன ஐந்தில் முதலாவது, இரண்டாவது, நான்காவது நோக்கங்களில் எதற்கும் வலுவாகப் பங்களிக்கவில்லை என்றால் அது கிரே பெல்ட். நாட்டுப்புறத்தைக் காப்பது என்ற மூன்றாவது நோக்கம் இந்தக் கணக்கிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். பசுமையான வயலும் கிரே ஆகலாம். வெள்ள அபாயம், சிறப்பு அறிவியல் நிலம் (அரிய உயிரினங்களுக்காகவோ நிலவியலுக்காகவோ சட்டம் காக்கும் இடம்) போன்ற வேறு வலுவான தடை இருந்தால்தான் விலக்கு.

2025 பிப்ரவரி வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி போகிறது. பரவலைத் தடுப்பதும் ஒட்டாமல் காப்பதும் நகரங்களுக்கான நோக்கங்கள், கிராமங்களுக்கு அல்ல என்கிறது. இரண்டு கிராமங்களுக்கு நடுவே உள்ள வயலை "ஒட்டிவிடும்" என்ற ஒற்றை வாதத்தால் காக்க முடியாது. அந்த இடைவெளிக்கு லோக்கல் பிளானில் வேறு கொள்கை கேட்பதுதான் வழி.

கிரீன் பெல்ட்டில் கட்டினால் ஊருக்கு என்ன கிடைக்கும்?

பத்து வீடு, அதற்கு மேல் என்றால் மூன்று நிபந்தனை: மலிவு வீடு, தேவையான உள்கட்டமைப்பு, பொதுமக்கள் நுழையக்கூடிய பசுமைவெளி. மலிவு வீட்டுப் பங்கு, கவுன்சிலின் இப்போதைய அதிகபட்சத் தேவையோடு 15 சதவீதப் புள்ளி கூட்டியது. உச்சவரம்பு 50. இப்போது 30 என்றால் 45. இப்போது 40 என்றால் 55 அல்ல, 50. இது பிளானின் புதிய கொள்கை வரும்வரை பொருந்தும் கணக்கு.

"விதிவிலக்கான சூழ்நிலை", "மிகச் சிறப்பான சூழ்நிலை" இரண்டும் ஒன்றா?

இரண்டையும் குழப்பி எழுதிய கடிதங்கள் குவியலாக வரும். பிளான் வகுக்கும்போது கோட்டையே நகர்த்த விதிவிலக்கான சூழ்நிலை வேண்டும். கோடு இருந்த இடத்தில் இருக்க, ஒரு விண்ணப்பத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்க மிகச் சிறப்பான சூழ்நிலை வேண்டும். பின்னதுதான் கடினமான படி. வீட்டுத்தேவை மட்டும் விதிவிலக்கான சூழ்நிலை ஆகாது என்று நினைப்பவர்கள் கில்ட்ஃபோர்டு வழக்கைப் பார்க்க வேண்டும். 2019இல் கில்ட்ஃபோர்டு கவுன்சிலின் பிளானை எதிர்த்த காம்ப்டன் பாரிஷ் கவுன்சில் (கிராம அளவிலான சிறு கவுன்சில்) உயர் நீதிமன்றத்தில் தோற்றது. சாதாரண வீட்டுத்தேவையையும் கணக்கில் எடுக்கலாம் என்பதே தீர்ப்பின் சாரம்.

டவுன் சென்டரை வளர்த்துக் கிரீன் பெல்ட்டைக் காத்த ஊர் இருக்கிறதா?

கிழக்கு லண்டனின் ரெட்பிரிட்ஜைப் பாருங்கள். நம்மவர் நிறையப் பேர் இருக்கும் இடம், இல்ஃபோர்டு அதன் மையம். அந்த பரோவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிரீன் பெல்ட். 2018இல் ஏற்ற லோக்கல் பிளான் எலிசபெத் லைன் ரயில் வரும் இல்ஃபோர்டு மையத்தில் உயரமாகக் கட்ட வழிவிட்டது. பார்கிங்சைடில் ஓக்ஃபீல்டு விளையாட்டு மைதானத்திலும் வீடு கட்டக் கவுன்சில் முன்மொழிந்திருந்தது. அது நிலைக்கவில்லை. மைதானத்துக்கு ஈடாக அளவிலும் தரத்திலும் சமமான மைதானம் காட்ட முடியவில்லை என்பது பெரிய காரணம். "பசுமையைக் காப்பாற்றுங்கள்" என்ற பேனரைவிட, எத்தனை பிட்ச், எந்த வடிகால், எந்தக் கிளப் எத்தனை ஆட்டம் என்ற கணக்கு கனமாக நின்றது.

மான்செஸ்டர் பக்கத்திலுள்ள ஸ்டாக்போர்ட் வேறு கதை. 2019இல் நகர மையத்தின் மேற்குப் பகுதிக்கென ஒரு மேயரல் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன், அதாவது சீரமைப்புக்கான பொது அமைப்பு, உருவானது. பஸ் நிலையத்தை இடித்துக் கட்டி, கூரையில் இரண்டு ஏக்கர் பூங்கா, பக்கத்தில் 196 ஃபிளாட் என்று போனார்கள். நிலையம் 2024 மார்ச்சில் திறந்தது. கிரீன் பெல்ட் விஷயத்தில் உடன்படாமல் 2020 டிசம்பரில் கிரேட்டர் மான்செஸ்டர் கூட்டுத் திட்டத்திலிருந்தும் விலகினார்கள். மற்ற ஒன்பது கவுன்சில்களும் தங்கள் கூட்டுப் பிளானை 2024 மார்ச்சில் ஏற்றுவிட்டன. விலகியதால் ஸ்டாக்போர்ட்டின் வீட்டு எண்ணிக்கை மறையவில்லை. அதை அவர்களே தனியாகச் சுமக்க வேண்டியதாயிற்று.

பிரவுன்ஃபீல்டில் இயற்கை ஒன்றும் இருக்காதுதானே?

எசெக்ஸில் கேன்வி விக் என்ற இடம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காகத் தயார் செய்து கைவிட்ட நிலம். பூச்சிகள் அங்கே அவ்வளவு வகை வகையாகப் பெருகியதால் 2005இல் அது சிறப்பு அறிவியல் நிலமாக அறிவிக்கப்பட்டது. உழுது மருந்தடித்த வயலில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காமல் போகலாம். கட்டியபின் இயற்கை வளம் முன்பைவிடப் பத்து சதவீதம் கூட வேண்டும் என்ற உயிரின வள மேம்பாட்டு விதி 2024 முதல் இரண்டு வகை நிலத்துக்கும் பொருந்துகிறது.

ஆட்சேபக் கடிதம் எப்படி எழுதினால் இன்ஸ்பெக்டர் படிப்பார்?

2012 விதிகளின்படி நடக்கும் பிளானுக்கு இரண்டு முக்கியக் கட்டம். விதி 18 கட்டத்தில் கவுன்சில் மனம் மாறக்கூடும், மாற்று மனை சொல்ல அதுவே நேரம். விதி 19 கட்டம் குறைந்தது ஆறு வாரம். அப்போது எழுதுவதுதான் தனி இன்ஸ்பெக்டர் கைக்குப் போகும். அப்போது எழுதாதவருக்கு விசாரணையில் பேசும் உரிமை இல்லை. 30 மாதப் புதிய முறைக்கு மாறும் கவுன்சில்களில் கட்டங்களும் பெயர்களும் வேறு. கவுன்சிலின் கால அட்டவணையைப் பாருங்கள்.

கொள்கை எண், மனை எண், பக்க எண் மூன்றும் முதல் வரியில் வரட்டும். அடுத்து, நான்கு சோதனைகளில் எதில் பிளான் தோற்கிறது என்று சொல்லுங்கள்: தேவையை நிறைவேற்ற முனைகிறதா, ஆதாரம் நியாயப்படுத்துகிறதா, நடைமுறையில் நடக்குமா, தேசியக் கொள்கைக்கு ஒத்துப்போகிறதா. பிறகு என்ன சொல்லை எப்படி மாற்ற வேண்டும் என்று திருத்த வாசகத்தையே எழுதிக் கொடுங்கள். இப்படி: "மனை 14இன் அடர்த்தி ஹெக்டேருக்கு 40 என்பது பத்தி 147க்கு முரண். ஸ்டேஷனுக்கு 350 மீட்டரில் உள்ள மனை 9க்கு நீங்களே 110 கொடுத்திருக்கிறீர்கள். மனை 14ஐயும் 110 ஆக்கினால் 56 வீடு கூடும். அதே அளவு மனை 31இல் குறைக்கலாம்." வீட்டு விலை இறங்கும், சன்னலிலிருந்து காட்சி போகும் என்பதெல்லாம் செல்லாது. எழுத மை வீண்.

மனுவில் இரண்டாயிரம் பேர் கையெழுத்துப் போட்டாலும் பெரும்பாலும் ஒரே ஆட்சேபமாகத்தான் பதிவாகும். இருபது பேர் இருபது வேறு காரணம் எழுதுவது மேல்.

கிரீன் பெல்ட் ஆய்வில் உங்கள் வயல் எந்தப் பெரிய பகுதியோடு சேர்த்து மதிப்பிடப்பட்டது என்றும் பாருங்கள். 200 ஹெக்டேர் துண்டுக்கு "மிதமான பங்களிப்பு" என்று மதிப்பெண் போட்டால், அதற்குள் ஊரை ஒட்டிய ஒடுங்கிய இடைவெளி தன் வலுவை இழந்துவிடும். சின்னத் துண்டாகப் பிரித்து மீண்டும் மதிப்பிடக் கேட்கலாம்.

பிளானே வேண்டாம் என்று கவுன்சிலர்கள் வாக்களித்தால் வயல் தப்பிக்காதா?

எசெக்ஸின் காசில் பாயிண்ட் கவுன்சில் 2022இல் அப்படிச் செய்தது. திருத்தங்களோடு செல்லும் என்று இன்ஸ்பெக்டர் சொன்ன பிளானையே ஏற்காமல் திரும்பப் பெற்றது. அன்றைய விதிகளில் அதற்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. இன்று நிலைமை தலைகீழ். ஐந்து ஆண்டுக்குத் தேவையான வீட்டுநிலம் கையில் இல்லை என்று நிரூபணமானால், அல்லது வீடு கட்டி முடித்த கணக்கு தேவையில் 75 சதவீதத்துக்குக் கீழே போனால், பத்தி 155இல் உள்ள "நிறைவேறாத தேவை" நிபந்தனை நிறைவேறிவிடும். போக்குவரத்து வசதியான கிரே பெல்ட் மனை வைத்திருப்பவர் பிளானுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நேராக விண்ணப்பம் போட்டு, கவுன்சில் மறுத்தால் அப்பீலில் வாங்கிவிடுவார். எந்த மனை என்பதை அப்போது ஊர் தேர்ந்தெடுக்காது, விண்ணப்பம் போட்டவர்தான் தேர்ந்தெடுப்பார்.

பிளான் ஏற்றபின் எதிர்க்க வழி உண்டா?

ஏற்ற நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றம். சட்டப் பிழை மட்டுமே அங்கே பேசலாம். இன்ஸ்பெக்டரின் முடிவு தவறு என்பது மட்டும் காரணம் ஆகாது. கெடு ஒரு நாள் தாண்டினாலும் கதவு மூடிவிடும்.